எத்தனை தாய்மரங்கள்? அலையாத்திக் காடு நடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களின் நடவுத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்களுக்கும், நாற்றங்கால் நடத்தும் நண்பர்களுக்கும் வணக்கம்.

உங்கள் அறிக்கைகள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எத்தனை ஹெக்டேர், எத்தனை லட்சம் நாற்று, எத்தனை விழுக்காடு பிழைத்தது, எத்தனை டன் கார்பன். நல்ல படங்களும் இருக்கும். முழங்கால் சேற்றில் வரிசையாக நின்று சிரிக்கும் தன்னார்வலர்கள். பெரும்பாலும் ஜூலை 26, உலக அலையாத்தி நாளன்று எடுத்தவை. எனக்கு வேண்டியது மட்டும் அவற்றில் கிடைப்பதில்லை. நட்ட காய்களை எந்தக் கழிமுகத்தில் பறித்தீர்கள்? எத்தனை மரங்களிலிருந்து பறித்தீர்கள்? அந்த மரங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நின்றன? இந்த மடல் முழுவதும் இந்த மூன்று கேள்விகளைப் பற்றித்தான்.

இதைக் கேட்க நான் யார் என்றால், ஒரு கடற்கரையின் அலையாத்தி மரங்களுக்கும் இன்னொரு கடற்கரையின் மரங்களுக்கும் என்ன உறவு என்று மரபணுவைக் கொண்டு பார்க்கும் துறையில் இருக்கிறேன். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். நடைமுறையில் இலை பறிக்கும் வேலைதான் அதிகம். மரத்துக்கு ஓர் இலை, ஓர் உறை, உறைக்குள் ஈரம் உறிஞ்சச் சிலிக்கா ஜெல், மேலே மரத்தின் எண்ணும் இடமும். அப்புறம் ஆய்வகத்தில் இலையை அரைத்து டி.என்.ஏ. எடுக்க வேண்டும். அங்கேதான் இந்த மரங்கள் நம்மைப் படுத்தும். அலையாத்தி இலையில் டானினும் கோந்து போன்ற சர்க்கரைப் பொருள்களும் மிகுதி. அரைத்த கொஞ்ச நேரத்திலேயே கரைசல் பழுப்பாகிவிடும், டி.என்.ஏ. அந்தப் பிசுபிசுப்போடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். அதையெல்லாம் கழுவி எடுத்தபின், டி.என்.ஏ.வில் மரத்துக்கு மரம் மாறுபடும் இடங்களை எடுத்து ஒப்பிடுகிறோம். எந்த மரத்துக்கு எந்த மரம் நெருங்கிய சொந்தம், எந்தக் கரைக்கு எந்தக் கரையிலிருந்து ஆள் வந்தது என்பதெல்லாம் அப்போது தெரியவரும்.

முதலில் தெரியவந்ததே எல்லாரும் நினைத்ததற்கு மாறாக இருந்தது. சுரபுன்னை (ரைசோபோரா) என்னும் அலையாத்தி வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, பச்சைக் குச்சிபோல் நீண்டு, சில இனங்களில் அரை மீட்டரைத் தாண்டிய பிறகுதான் தாயைவிட்டு விழுகிறது. விழுந்த காய் உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் உயிரோடு இருக்கும். வெண்கண்டல் என்னும் இன்னொரு அலையாத்தியின் காய் சிறியது, அவ்வளவு காலம் தாங்காது என்றாலும் அதுவும் மிதந்து போகக்கூடியதே. இப்படிப்பட்ட மரங்கள் உலகின் வெப்பக் கரைகள் முழுக்க ஒரே பெரிய குடும்பமாகக் கலந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். அப்படியிருந்தால் எங்கே பறித்து எங்கே நட்டாலும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வதையும் ஏற்கலாம்.

ஆனால் மரபணு வேறு கதை சொல்கிறது. பெரும்பாலான காய்கள் தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே சேற்றில் சிக்கி நின்றுவிடுகின்றன. வெளியே போகிறவையும் நினைத்த திசைக்குப் போவதில்லை, நீரோட்டம் கொண்டுபோகும் திசைக்கே போகின்றன. தென்கிழக்கு ஆசியாவில் ரைசோபோரா மியூக்ரொனேட்டா என்னும் சுரபுன்னையை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த முடிவு இதற்கு நல்ல சான்று. மலாய்த் தீபகற்பத்தின் ஒரே பக்கத்தில், நடுவில் நிலம் எதுவும் குறுக்கிடாத இடத்தில், அந்தமான் கடல் மரங்களும் மலாக்கா நீரிணை மரங்களும் தெளிவாக இரு பிரிவாக நின்றன. குறுக்கே இருந்தது நீரோட்டங்களின் போக்கு மட்டுமே. வரைபடத்தில் பார்த்தால் ஒரே கரை. மரத்தைக் கேட்டால் இரண்டு ஊர்.

பிரேசிலிலும் இதே கதைதான். அட்லாண்டிக்கைக் கடந்து வரும் தென் நிலநடுக்கோட்டு நீரோட்டம் அந்நாட்டின் வடகிழக்கு மூலையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே போகிறது, இன்னொன்று தெற்கே. அங்குள்ள சிவப்பு அலையாத்தியான ரைசோபோரா மாங்கிளும் அதே இடத்தையொட்டி வடக்குக் கூட்டம், தெற்குக் கூட்டம் என்று பிரிந்து கிடக்கிறது. கருப்பு அலையாத்தியான அவிசென்னியா ஜெர்மினன்சும் அப்படியே. ஒரே நாடு, ஒரே துறை, ஒரே திட்டம் என்று லாரியில் ஏற்றி வடக்கிலிருந்து தெற்குக்குக் காய்களைக் கொண்டுபோனால், கடல் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்யாததை ஒரு நாளில் செய்துவிடுகிறோம்.

தூரமே எல்லாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். மத்திய அமெரிக்காவில் பனாமா நிலஇடுக்கு சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மூடிக்கொண்டதால், கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இரு கரைகளின் மரங்கள் அன்றிலிருந்து தனித்தனி வழியில் போய்விட்டன. அதே கருப்பு அலையாத்தியைப் பொறுத்தவரை மேற்கு ஆப்பிரிக்காவும் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையும் நெருங்கிய உறவு. இடையில் ஒரு பெருங்கடலே கிடக்கிறது. பசிபிக்கின் தென்தீவுகளில் நிற்கும் ரைசோபோரா சமோயென்சிசுக்கும் சொந்தக்காரர்கள் அமெரிக்கக் கரையில்தான் இருக்கிறார்கள். ஆக, நிர்வாக எல்லையும் கிலோமீட்டர் கணக்கும் விதை எங்கே எடுப்பது என்பதைத் தீர்மானிக்க உதவாது. நீரோட்ட வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் அதை முடிவு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை, அந்த வரைபடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்போது பழைய கதை ஒன்று. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டிக் கிடந்தன. இன்று கப்பல் ஓடும் மலாக்கா நீரிணை அப்போது தரை. இன்றைய கழிமுகங்களும் அன்று கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே இருந்தன; அங்கே அலையாத்தி நிற்க வழியே இல்லை. பிறகு கடல் ஏறி வந்தபோது, ஒதுக்குப்புறங்களில் தப்பிப் பிழைத்த மரங்களின் காய்கள் மிதந்து வந்து புதிய கரைகளைப் பிடித்தன. ஒவ்வொரு கரைக்கும் முதலில் வந்து சேர்ந்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தின் வம்சம்தான் இன்று நாம் காண்பது.

அதனால்தான் அலையாத்தியில் மரபணுப் பன்மை, அதாவது மரத்துக்கு மரம் மரபணுவில் உள்ள வேறுபாடு, பொதுவாகவே குறைவு. இந்தோ-பசிபிக் கரைகளில் பல அலையாத்தி இனங்களைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, அவற்றிலெல்லாம் பன்மை மிக மிகக் குறைவு என்றும், பழைய கடல்மட்ட ஏற்ற இறக்கங்களே அதற்குக் காரணம் என்றும், வரப்போகும் மாற்றங்களை இவை தாங்குவது சந்தேகம் என்றும் சொன்னது. ஓர் இனம் பரவியிருக்கும் எல்லையின் ஓரங்களில் நிலைமை இன்னும் இறுக்கம். வெண்கண்டல் தென்கிழக்கு ஆசியாவில் தன் எல்லையைத் தொடும் இடங்களில் பன்மை குறைந்தும் உறவுக்குள் கலப்பு மிகுந்தும் இருப்பதை 2006இலேயே காட்டிவிட்டார்கள். சேமிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ள வீட்டில் செலவைக் கவனித்துச் செய்ய வேண்டும். நம் நடவுத் திட்டங்கள் அப்படிச் செய்கின்றனவா என்றால், இல்லை.

ஏன் இல்லை என்று புரிய, மரத்தின் பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். ரைசோபோரா மாங்கிளின் சில மரங்களில் ஒரு விசித்திரம் உண்டு. கிளையெங்கும் பச்சைக் காய்கள் தொங்க, நடுநடுவே சிவப்பு, மஞ்சள், சில சமயம் வெளிறிய வெள்ளை நிறத்திலும் காய்கள் தொங்கும். அவை பழுத்தவை இல்லை. பச்சையம் உண்டாக்க முடியாமல் பிறந்த பிள்ளைகள். பச்சையம் இல்லாவிட்டாலும் தாய் ஊட்டுவதால் கிளையில் இருக்கும்வரை மற்றவற்றைப் போலவே நீளும், பருக்கும். விழுந்து சேற்றில் ஊன்றியபின் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட வழியில்லாமல் செத்துப்போகும்.

எண்ணிப் பார்த்தால் இப்படிப்பட்ட மரங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு காய் நிறம் கெட்டதாக இருக்கும். பள்ளியில் படித்த மெண்டல் விகிதம் கிளையில் தொங்குகிறது! ஒவ்வொரு மரபணுவுக்கும் மரத்தில் இரண்டு படிகள் (பிரதிகள்) உண்டு; அவற்றில் ஒன்று மட்டும் குறையுள்ளதாக இருக்கும் தாய், தன் மகரந்தத்தாலேயே காய்த்தால்தான் இந்த விகிதம் வரும். குறையில்லாத வேறு மரத்தின் மகரந்தம் கலந்தால் விகிதம் குறையும். இதை வைத்து 1990களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவிலும் பஹாமாஸின் சான் சால்வடோர் தீவிலும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அங்குள்ள மரங்கள் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையிலேயே காய்க்கின்றன என்று தெரிந்தது. வேறு மரமாக இருந்தால் விதையை முளைக்கப்போட்டு, காத்திருந்து எண்ண வேண்டும். இங்கே அண்ணாந்து பார்த்தாலே போதும். (இதே முறையில் 1994இல் புவெர்த்தோ ரிக்கோவில், சேற்றில் எண்ணெய்க் கழிவு கூடக்கூட இப்படிப்பட்ட மரங்களும் கூடுவதைக் கண்டார்கள். அதைத் தனி மடலாகவே எழுதலாம்.)

எல்லா அலையாத்திகளும் இப்படி இல்லைதான். சுரபுன்னைகளுக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது. வெண்கண்டலுக்குத் தேனீக்களும் பிற பூச்சிகளும். புருகியேரா ஜிம்னோரைசாவின் பெரிய பூக்களுக்குப் பறவைகள் வருகின்றன. சொன்னரேஷியாவின் பூக்கள் மாலையில் விரிந்து வௌவாலுக்குக் காத்திருக்கும். தில்லையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி, அதனால் தன் மகரந்தச் சேர்க்கைக்கே இடமில்லை. இனத்துக்கு இனம் கணக்கு மாறும். ஆனாலும் காற்று வீசாத, தேனீ வராத, பத்துப் பதினைந்து மரமே மிஞ்சிய ஒரு சின்னத் தோப்பில் எந்த இனமும் உறவுக்குள்தான் கலக்க வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவில் நகரத்தை ஒட்டிய சிறு வெண்கண்டல் தோப்புகளைப் பார்த்தபோது, நிற்கும் மரங்களிடம் பன்மை குறையவில்லை, ஆனால் உறவுக்குள் கலப்பு கூடியிருந்தது என்று தெரிந்தது. மரத்தைப் பார்த்தால் காடு நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். சிக்கல் அடுத்த தலைமுறையில் இருக்கிறது, அந்தத் தலைமுறையைத்தான் நீங்கள் பறித்து நடுகிறீர்கள்.

காய் பறிக்கும் விதத்துக்கு வருவோம். பறிப்பவரைக் குறை சொல்லவில்லை. ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று கூலி பேசினால், படகு ஒதுங்கும் இடத்துக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் கிளையில், நிறையக் காய்த்த மரத்தில்தான் யாரும் பறிப்பார்கள். ஒரு மரத்திலேயே நூற்றுக்கணக்கில் கிடைக்கும்போது அடுத்த மரத்துக்குச் சேற்றில் போவானேன்? அப்படியே ஐந்தாறு மரங்களின் காய்கள் ஒரு நாற்றங்காலை நிரப்பிவிடும். அந்த நாற்றங்கால் ஒரு கழிமுகத்தையே நிரப்பிவிடும்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு 5 பங்கு மட்டுமே இருக்கும் ஒரு மரபணு வடிவம். அது வெப்பத்தைத் தாங்க உதவுவதாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மரத்திலும் இரண்டு படிகள். 5 தாய்மரங்களின் மரபணுவை மட்டும் எடுத்தால் அந்த வடிவம் கையில் சிக்காமல் போக நூற்றுக்கு 60 வாய்ப்பு. 30 மரங்களின் மரபணுவை எடுத்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 5க்கும் கீழே இறங்கிவிடும். வெளி மகரந்தம் வந்திருந்தால் காய்களில் தந்தையின் பங்கும் கொஞ்சம் சேரும், நல்லதுதான். தன் மகரந்தத்தில் காய்க்கும் மரமாக இருந்தால் அந்த ஆறுதலும் இல்லை. ஒரே மரத்தில் ஆயிரம் காய் பறித்தாலும் அந்த ஒரு மரத்திடம் இருப்பதைத் தாண்டி எதுவும் கிடைக்காது. மரங்களே பல தலைமுறையாகத் தன் மகரந்தத்தில் பிறந்தவை என்றால் ஒரு மரத்தின் இரண்டு படிகளும் ஒன்றாகவே இருக்கும், கணக்கு இன்னும் மோசம். காட்டு மர விதை சேகரிப்பில் வழக்கமாகச் சொல்லும் 30 முதல் 50 தாய்மரம் என்ற அளவு இப்படிப்பட்ட கணக்கிலிருந்து வந்ததுதான். அலையாத்திக்கு அதைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை, கூட்டத்தான் காரணம் இருக்கிறது.

"எல்லாம் சரி, நட்டது பிழைக்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். மூன்றாம் ஆண்டு ஆய்வில் ஒன்றும் தெரியாது என்பது உண்மை. ஆனால் எங்கிருந்து வந்த காய் என்பது உயிர்பிழைப்பையே மாற்றும். 1982இல் வெளிவந்த ஒரு சோதனையில் மேற்கு அட்லாண்டிக் கரைகளின் அலையாத்திகளை ஒரே இடத்தில் வளர்த்துக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். கருப்பு அலையாத்தியில் டெக்சஸ் கரையைச் சேர்ந்தவை குளிரை நன்றாகத் தாங்கின. வெப்பமான கரீபியன் கரைகளைச் சேர்ந்தவற்றால் அவ்வளவு தாங்க முடியவில்லை. பெயர் ஒன்று, உருவம் ஒன்று, நாற்றங்காலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு கடுங்குளிர் இரவு வரும்போது தெரியும்.

சில சமயம் பெயரே தவறாக இருந்திருக்கிறது. கண்டேலியா கேண்டல் என்று இந்தியாவிலிருந்து ஜப்பான்வரை ஒரே பெயரில் அழைத்த மரத்தில், தென்சீனக் கடலின் வடபுறம் முதல் ஜப்பான்வரை நிற்பவை வேறு இனம் என்று 2003இல் பிரித்து கண்டேலியா ஒபோவேட்டா எனப் பெயரிட்டார்கள். இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு. அதற்கு முன்பு "அதே இனம்தானே" என்று யாராவது ஒரு கரையின் காயை மறு கரையில் நட்டிருந்தால், ஆவணத்தில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என் பேச்சைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவீர்கள். உயரமாக வளர்ந்த அழகான மரங்களை மட்டும் "உயர்ரகத் தாய்மரம்" என்று தேர்ந்தெடுத்துப் பறிக்க ஆரம்பிக்காதீர்கள். பிரேசிலில் லாகுன்குலேரியா ரசிமோசா என்னும் அலையாத்தி ஆற்றோரத்தில் நெடுமரமாகவும், அருகிலுள்ள உப்புச் சதுப்பில் புதராகவும் வளர்கிறது. 2010இல் வெளிவந்த ஆய்வில் இரண்டுக்கும் மரபணு வரிசையில் வேறுபாடு சொற்பம். டி.என்.ஏ.வின் மேல் ஒட்டி, வரிசையை மாற்றாமலே மரபணு வேலை செய்யும் அளவை மாற்றும் மெத்தில் குறிகளில்தான் பெரிய வேறுபாடு. அதாவது அந்தக் குட்டை மரம் மட்டமான பரம்பரை ஆகிவிடாது. உப்பில் நின்று சமாளிப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். நெட்டை, குட்டை, ஆற்றுமுகம், கடல்முகம், உள்ளே உலர்ந்த மேடு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பதே பாதுகாப்பு.

வெளியிலிருந்து இனத்தையே கொண்டுவருவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இயற்கையாக அலையாத்தியே இல்லாத ஹவாயில், 1902இல் மொலோக்காய் தீவில் சேற்றைப் பிடித்து நிறுத்த ஃபுளோரிடாவின் சிவப்பு அலையாத்தியை நட்டார்கள். இன்று அதைப் பிடுங்கி எறியப் பாடுபடுகிறார்கள். வங்கதேசத்துச் சுந்தரவனத்திலிருந்து சொன்னரேஷியா அபெட்டலாவை 1985இல் சீனாவின் ஹைனான் தீவுக்குக் கொண்டுபோனார்கள். வேகமாக வளர்கிறது என்று பரவலாக நட்டார்கள், இப்போது அது தானாகவே பரவுவதைப் பார்த்து அங்குள்ள ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். நெருங்கிய இனங்கள் பக்கத்தில் நின்றால் கலக்கவும் செய்யும். பிச்சாவரத்தில் கண்டு 1995இல் பெயரிடப்பட்ட ரைசோபோரா அண்ணாமலயானா இரண்டு சுரபுன்னை இனங்களின் இயற்கையான கலப்பு. இயற்கை செய்யும் கலப்பு வேறு; லாரி செய்யும் கலப்பை யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது.

இன்று துறைக்குள் நடக்கும் பெரிய வாதம் வேறொன்று. கடல் மட்டம் ஏறுகிறது, வெப்பம் கூடுகிறது, உப்பு மாறுகிறது; உள்ளூர் விதையையே பிடித்துக்கொண்டிருந்தால் நாளைக்கு அது தாங்குமா, வெப்பமான கரையிலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்து கலக்கலாமே என்கிறார்கள் ஒரு சாரார். கலந்தால் உள்ளூர்ச் சூழலுக்குப் பழகிய தொகுப்பு குலைந்துபோகும் என்கிறார்கள் இன்னொரு சாரார். என் கருத்தைக் கேட்டால், பெரிய, ஆரோக்கியமான காடு பக்கத்தில் இருக்கும் இடத்தில் வெளி விதைக்கு வேலையே இல்லை. அதே நீரோட்டப் பகுதிக்குள் நிறைய மரங்களில் பறித்தாலே வேண்டிய பன்மை கிடைத்துவிடும். நாலு மரம் மட்டும் மிஞ்சிய ஒதுங்கிய கழிமுகத்துக்கு, பக்கத்துக் கழிமுகத்திலிருந்து கொஞ்சம் கொண்டுவருவது நல்லது, தேவையும் கூட. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, வேறு நீரோட்டப் பகுதியிலிருந்து கொண்டுவருவதைச் சிறு சோதனைத் திட்டாக நட்டு, வேலி போட்டு, பல ஆண்டு பார்த்தபிறகு பேசலாம். லட்சக்கணக்கில் நட்டுவிட்டு அதற்குச் சோதனை என்று பெயர் வைக்கக் கூடாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நடவே வேண்டாத இடங்களும் உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிலிப்பைன்சில் பல்லாண்டு நடவுகளை 2008இல் தொகுத்துப் பார்த்தபோது நீண்டகாலப் பிழைப்பு 10 முதல் 20 விழுக்காடுதான். இலங்கையில் 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேர்தான் தேறியது என்று 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவற்றில் ஒன்பது இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) சரியாக ஏறி இறங்காத இடத்தில், அல்லது எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் சேற்றில், ஊன்றுவதற்கு எளிதான சுரபுன்னைக் காயைக் குத்திவைப்பது. அமெரிக்காவில் அலையாத்திக் காடுகளை மீட்கும் பணியில் இருந்த ராபின் லூயிஸ் தன் வாழ்நாள் முழுக்கச் சொன்னது, முதலில் நீர்வழியைச் சரிசெய்யுங்கள், காய்கள் தாமாக வந்து சேரும் என்பதே. ஃபுளோரிடாவின் வெஸ்ட் லேக்கில் மண்மட்டத்தையும் ஓடைகளையும் சீர்செய்தபின் நடாமலேயே காடு வந்தது.

என் துறையின் கோணத்தில் பார்த்தால் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. ஓதம் கொண்டுவரும் காய்கள் ஒரு மரத்தினுடையவை அல்ல. அந்த வளாகத்தில் காய்க்கும் எல்லா மரங்களின் பிள்ளைகளும், எப்போதாவது தூரத்துக் கரையிலிருந்து வரும் ஒன்றிரண்டும் அதில் இருக்கும். எந்த நாற்றங்காலாலும் இவ்வளவு மலிவாக இதைச் செய்ய முடியாது. வெட்டிவிட்ட வாய்க்கால் வழியே கடல் கொண்டுவந்து தரும்போது, ஐந்து மரத்துக் காயைக் குத்திவைத்து அந்த இடத்தை அடைத்துவிடாதீர்கள்.

சரி, நட்டே ஆக வேண்டிய இடத்துக்கு என்ன கேட்கிறேன்? ஒவ்வொரு திட்டமும் ஆய்வகம் வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பறித்த நாள், கழிமுகத்தின் பெயரும் ஜி.பி.எஸ். புள்ளியும், எத்தனை மரங்கள், மரத்துக்கு ஏறத்தாழ எத்தனை காய், மரங்களுக்கு இடையே தூரம், ஓதம் அடிக்கடி தொடும் இடமா எப்போதாவது தொடும் மேடா என்ற விவரம். கூலியைக் காய் எண்ணிக்கைக்குப் பேசாமல் மர எண்ணிக்கைக்குப் பேசுங்கள். ஒரு மரத்துக்கு மேல்வரம்பு வைத்து, அதற்குமேல் பறித்தால் பணம் இல்லை என்று சொல்லுங்கள். இதை மாற்றினால் மற்றதில் பாதி தானாகவே மாறிவிடும். தில்லை நடுகிறவர்கள் காய்க்கும் பெண் மரங்களுக்கு அருகில் ஆண் மரங்கள் பல நிற்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஆண் மரம்தான் இருந்தால் எத்தனை பெண் மரத்தில் பறித்தாலும் தந்தை ஒன்றுதான். வெவ்வேறு இடத்துக் காய்களை நாற்றங்காலில் ஒரே பாத்தியில் கொட்டாமல் தனித்தனியாக வைத்து, எந்தப் பாத்தி எந்த வரிசைக்குப் போனது என்று எழுதுங்கள். செத்தது எந்த இடத்துக் காய், தேறியது எந்த இடத்துக் காய் என்று பிறகு பார்க்க அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

பணம் தருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நாற்று எண்ணிக்கையை இலக்காக வைக்கும்வரை பறிப்பவர் படகுக்குப் பக்கத்து மரத்தைத்தான் தேடுவார், அது அவர் குற்றம் இல்லை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் தாய்மர எண்ணிக்கைக்கும் பறித்த இடத்துக்கும் இரண்டு கட்டம் சேருங்கள். அவை காலியாக இருந்தால் அடுத்த தவணையை நிறுத்திவையுங்கள். கார்பன் கணக்கு எழுதுகிறவர்கள் பல பத்தாண்டுகள் அந்தக் காடு நிற்கும் என்று உறுதி தருகிறீர்கள். ஐந்து மரத்தின் பிள்ளைகள் அத்தனை ஆண்டுகளின் வெப்பத்தையும் புயலையும் நோயையும் ஒன்றாகச் சந்திக்கப்போகின்றன என்பதை உங்கள் இடர் மதிப்பீட்டில் எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று காட்டுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே நட்டு வளர்ந்து நிற்கும் தோட்டங்களை என்ன செய்வது? பிடுங்க வேண்டாம். அவற்றில் 30 மரங்களிலும், பக்கத்து இயற்கைக் காட்டில் 30 மரங்களிலும் மரத்துக்கு ஓர் இலை பறித்து, சிலிக்கா ஜெல் போட்ட உறையில் இடமும் தேதியும் எழுதி, ஈரம் படாமல் ஓர் அலமாரியில் வையுங்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. நட்டதில் எவ்வளவு பன்மை மிஞ்சியிருக்கிறது, அதிலிருந்து இனி விதை எடுக்கலாமா, இயற்கைக் காட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் இடையில் நட வேண்டுமா என்பதை அந்த அறுபது இலைகளை வைத்தே சொல்லிவிடலாம். அரைப்பதும் பழுப்புக் கரைசலோடு மல்லுக்கட்டுவதும் எங்கள் வேலை. இலையை மட்டும் அடுத்த காய்ப்பருவம் தொடங்குவதற்கு முன் பறித்து வையுங்கள், ஏனென்றால் எந்தத் தோட்டத்தில் காய் பறிக்கக் கூடாது என்பதை அதற்குள் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
அலையாத்தி மரபியலில் இருக்கும் ஒருவர்